மொட்டை மாடியும் ஆளுயரப் பனியும்: தாவோஸ் கூரைகளின் கதை

சுவிட்சர்லாந்து என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது சினிமாப் பாட்டுக் காட்சிகள்தான். பச்சைப் புல்வெளி, கழுத்தில் மணி கட்டிய மாடுகள், பின்னால் கூர்மையாகச் சரிந்த கூரையோடு ஒரு மர வீடு. பனி பெய்கிற ஊரில் கூரை சரிவாகத்தான் இருக்க வேண்டும், அப்போதுதான் பனி வழுக்கிக் கீழே விழும் என்று பள்ளிக்கூடப் புவியியல் புத்தகமும் சொல்லும். கேரளத்து ஓட்டு வீடு மழைக்கு, ஆல்ப்ஸ் மலை வீடு பனிக்கு. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் அதே ஆல்ப்ஸ் மலையில், கடல் மட்டத்திலிருந்து 1,560 மீட்டர் உயரத்தில் இருக்கும் தாவோஸ் நகரம் இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. ஜனவரி மாதம் உலகப் பொருளாதார மன்றக் கூட்டம் நடக்கும்போது தொலைக்காட்சியில் காட்டுவார்களே, அந்த ஊர்தான். தலைவர்களை விட்டுவிட்டுப் பின்னால் தெரியும் கட்டடங்களைப் பார்த்தால், பெட்டி பெட்டியாக, நம்மூர் மொட்டை மாடி போலத் தட்டையான கூரைகள். அதன் மேல் மெத்தை விரித்தது போல் பனி. விழவும் இல்லை, யாரும் தள்ளிவிடவும் இல்லை. 1961இல் இந்த ஊர் தன் கட்டட விதிகளிலேயே தட்டைக் கூரையை எழுதி வைத்துவிட்டது.

இன்று அந்தக் கூரைகளின் மேல் சோலார் பேனல் வைப்பதென்றால் அது ஒரு பெரிய தலைவலி. அந்தத் தலைவலி எங்கே ஆரம்பித்தது என்று பார்த்தால் நூற்றைம்பது வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

வெயிலை விற்ற ஊர்

1853இல் அலெக்சாண்டர் ஷ்பெங்லர் என்ற மருத்துவர் தாவோஸுக்கு வந்தார். ஜெர்மனியில் 1848-49 புரட்சியில் சேர்ந்ததால் நாட்டை விட்டு ஓடி வந்தவர். அப்போது தாவோஸ் ஓர் ஏழை மலைக் கிராமம். உள்ளூர்க்காரர்களுக்குக் காசநோய் வருவதில்லை என்பதை அவர் கவனித்தார். 1865 பிப்ரவரியில், நடுக் குளிர்காலத்தில், இரண்டு ஜெர்மன் நோயாளிகள் துணிந்து வந்து தங்கினார்கள். குளிர்காலத்தில் நோயாளிகள் தெற்கே கடற்கரைக்குப் போவதுதான் அன்றைய வழக்கம். உறைபனிக்கு நடுவே வந்து படுப்பது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்கும். அவர்கள் தேறினார்கள், செய்தி பரவியது. 1890இல் ரயில் வந்தது. அடுத்தடுத்து சானடோரியங்கள் எழுந்தன (தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயரில் இருக்கும் அதே சொல்தான்).

சிகிச்சை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அன்று மருந்தே கிடையாது. தெற்குப் பார்த்த பால்கனியில் போர்வை சுற்றிக்கொண்டு மணிக்கணக்கில் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆக அந்த ஊரின் சரக்கு குளிர்கால வெயில். கோடை வெயில் எந்த ஊரிலும் கிடைக்கும். டிசம்பரிலும் ஜனவரியிலும் சமவெளி நகரங்கள் மூடுபனிக்கு அடியில் கிடக்கும்போது தாவோஸில் வானம் நீலமாக இருக்கும். அதற்குத்தான் காசு.

தெற்குப் பார்த்த பால்கனிகள் வரிசையாக வேண்டும் என்றதும் கூரைப் பிரச்சினை வந்தது. சரிவான கூரையிலிருந்து ஒரு டன் பனி திடீரென்று வழுக்கினால் கீழே பால்கனியில் படுத்திருக்கும் நோயாளியின் கதி என்ன? தெருவில் நடப்பவர் கதி என்ன? இன்னொரு சங்கடமும் உண்டு. சூடேற்றிய கட்டடத்தின் கூரையில் பனியின் அடிப்பகுதி மெதுவாக உருகும். உருகிய தண்ணீர் கூரையின் ஓரத்துக்கு வரும். ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அங்கே சூடு இல்லை. தண்ணீர் மறுபடி உறைந்து கட்டியாகும். நாளாக ஆக அது ஓர் அணை போல எழும்பி, பின்னால் வரும் தண்ணீரைத் தேக்கி, வீட்டுக்குள் ஒழுகவிடும். கட்டி உடைந்து விழுந்தால் அதுவும் ஆபத்து.

இதற்குக் கண்டுபிடித்த வழி அருமையானது. கூரையைத் தட்டையாக்கிவிடு. வெளிப்பக்கம் சரிவு கொடுக்காமல் நடுவை நோக்கி இலேசாகச் சரிவு கொடு. நடுவில் ஒரு வடிகால். அந்த வடிகால் குழாய் கட்டடத்தின் உள்ளே, சூடான அறைகள் வழியாகக் கீழே இறங்கட்டும். குழாய் உறையவே உறையாது. பனி கூரை மேலேயே இருந்துவிட்டுப் போகட்டும்; அடியில் உருகுவது மட்டும் சத்தமில்லாமல் உள்ளே இறங்கிவிடும். தார் பூசிய காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி மேலே சரளைக் கல் பரப்பும் முறை ஒன்று 1839இலேயே சைலீசியாப் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அது இங்கே கைகொடுத்தது. 1900இல் ஃப்ளெகார்ட், ஹேஃபெலி என்ற இரு கட்டடக் கலைஞர்கள் ஊருக்கு மேலே 1,861 மீட்டரில் கட்டி முடித்த ஷாட்ஸால்ப் சானடோரியம் இந்த வகைக் கூரைக்குப் பெயர் போனது.

பிறகு ருடோல்ஃப் காபெரெல் வந்தார். இவரும் காசநோய் சிகிச்சைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். 1920களிலும் 30களிலும் தாவோஸ் முழுக்கத் தட்டைக் கூரைக் கட்டடங்களைக் கட்டியது பெரும்பாலும் இவர்தான். அந்த நாட்களில் ஐரோப்பாவில் தட்டைக் கூரை என்றால் அது ஒரு கொள்கைச் சண்டை. 1928இல் பெர்லினின் ஸெலண்டோர்ஃப் பகுதியில் தெருவுக்கு இந்தப் பக்கம் தட்டைக் கூரை, அந்தப் பக்கம் சரிவுக் கூரை என்று கட்டிப் போட்டியே நடந்தது. சண்டீகரைக் கட்டிய லெ கொர்பூஸியேயும் தட்டைக் கூரைக் கட்சிதான். அவர் பிறந்த ஊரான லா ஷோ தெ ஃபோன் பனி கொட்டும் மலையூர் என்பது பலருக்குத் தெரியாது. உள்ளே சூடேற்றிய வீட்டில் தண்ணீரை உட்புறமாக இறக்க வேண்டும் என்று அவரும் சொன்னார். மற்றவர்கள் அழகு பற்றிச் சண்டை போட்டபோது தாவோஸ்காரர்களுக்கு அது பனியும் தண்ணீரும் சம்பந்தப்பட்ட நடைமுறை விஷயம்.

அளந்து வைத்தவர்கள்

மலை மேல் வெயில் எவ்வளவு என்று கேட்ட முதல் ஆள் தாவோஸ்காரர் அல்ல. ஜெனீவாவைச் சேர்ந்த ஹோராஸ் பெனடிக்ட் தெ சோஸ்யூர் என்ற அறிஞர் 1767 வாக்கில் கண்ணாடி மூடிய பெட்டிகளைச் செய்து வெயிலில் வைத்துச் சூட்டை அளந்தார். 1774 ஜூலையில் அப்படி ஒரு பெட்டியை மோன் ப்ளானுக்குப் பக்கத்தில் உள்ள க்ராமோன் சிகரத்துக்குத் தூக்கிப் போனார். மேலே காற்று சுமார் 6 டிகிரி செல்சியஸ். பெட்டிக்குள் சுமார் 88 டிகிரி. மறுநாள் கீழே சமவெளிக்கு இறங்கி அதே சோதனையைச் செய்தார். காற்று நன்றாகச் சூடாக இருந்தது, ஆனால் பெட்டிக்குள் ஏறிய சூடு ஏறக்குறைய அதேதான். குளிராக இருக்கிறது என்பதால் வெயில் குறைவு என்று அர்த்தமில்லை. இது புரிந்து 250 வருஷம் ஆகிறது.

தாவோஸில் இதைக் கருவிகளோடு முறையாகச் செய்தவர் கார்ல் டோர்னோ. பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரத்து வியாபாரக் குடும்பத்துக்காரர். வயது போன பிறகு அறிவியல் படித்து டாக்டர் பட்டம் வாங்கினார். மகளுக்கு நுரையீரல் நோய் என்பதால் தாவோஸுக்குக் குடிவந்தார். மகளைக் குணப்படுத்தும் என்று சொல்கிறார்களே, இந்த வெயிலில் அப்படி என்ன இருக்கிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. 1907இல் சொந்தப் பணத்தில் ஓர் ஆய்வகம் தொடங்கினார். 1911இல் உயர்மலையின் ஒளியையும் காற்றையும் பற்றி அவர் எழுதிய நூல் வெளியானது. அவர் தொடங்கிய ஆய்வகம்தான் 1971 முதல் உலகக் கதிர்வீச்சு மையமாக இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பல நாடுகளின் வானிலைத் துறையினர் தங்கள் வெயில் அளக்கும் கருவிகளைத் தூக்கிக்கொண்டு தாவோஸுக்கு வந்து ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டு போகிறார்கள். எடைக்கல்லுக்கு முத்திரை குத்துவது போல.

மூன்றாவதாக ஒன்றும் அதே ஊரில் நடந்தது. ஊருக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக் என்ற இடத்தில் 1936இல் பனியை ஆராய ஒரு சின்ன ஆய்வுக்கூடம் போட்டார்கள். அன்றிலிருந்து அந்த மலையில் பனியின் ஆழத்தை விடாமல் அளந்து வருகிறார்கள். இன்று அது சுவிட்சர்லாந்தின் பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம்.

ஆகக் கூரையை எப்படிக் கட்டுவது, வெயில் எவ்வளவு, பனி எவ்வளவு கனக்கும் என்ற மூன்று அறிவும் 1940களுக்குள் ஒரே ஊரில் சேர்ந்துவிட்டன. இத்தனைக்கும் பிறகு, இவை மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கணக்குப் பார்க்க இன்னும் அறுபது எழுபது வருஷம் ஆனது என்பதுதான் வேடிக்கை.

பேனல் வந்தது

சோலார் பேனல் ஐரோப்பாவில் மின்கட்டத்தோடு முதன்முதலில் இணைக்கப்பட்டது ஒரு தட்டைக் கூரையில்தான். ஆல்ப்ஸின் தென் அடிவாரத்தில், லுகானோ நகரத்துக்குப் பக்கத்தில் கனோபியோ என்ற இடத்தில் ஒரு கல்வி நிலையத்தின் கூரை மேல் 288 பேனல்கள், மொத்தம் 10 கிலோவாட். 1982 மே மாதம் மின்சாரம் பாய ஆரம்பித்தது. அந்தப் பேனல்களைக் கழற்றி எறியாமல் அப்படியே வைத்துக் கவனித்தார்கள். 35 வருஷம் கழித்து ஒவ்வொன்றாகச் சோதித்தபோது பாதிக்கும் மேற்பட்டவை ஆரம்பத் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தன. 25 வருஷ உத்தரவாதம் என்று விற்பனைக்காரர்கள் சொல்வதை நம்பலாமா என்பவர்களுக்கு இது ஒரு நல்ல பதில்.

லுகானோவில் பனி அதிகம் விழாது. பனியோடு மோதிப் பார்த்தது அடுத்த தலைமுறை. 1989இல் கூர் நகரத்துக்குப் பக்கத்தில் டொமாட் எம்ஸில் நெடுஞ்சாலையின் சத்தத் தடுப்புச் சுவர் மேல் 100 கிலோவாட் வைத்தார்கள். உலகிலேயே அப்படி வைத்தது அதுதான் முதல். 1993இல் புர்க்டோர்ஃப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஹைன்ரிஷ் ஹேபெர்லின் தலைமையில் ஒரு குழு, 3,454 மீட்டர் உயரத்தில் யுங்ஃப்ரவ்யோக் ஆய்வு நிலையத்தில் ஒரு சின்ன அமைப்பைப் பொருத்தியது. வெறும் 1.15 கிலோவாட். ஒரு மிக்ஸியும் ஒரு இஸ்திரிப் பெட்டியும் ஓடும். ஆனால் அதை வைத்த விதம் முக்கியம். கூரையில் படுக்க வைக்கவில்லை. கட்டடத்தின் சுவரில் செங்குத்தாக, 90 டிகிரியில் மாட்டினார்கள்.

காரணம் எளிது. அந்த உயரத்தில் படுக்கையாக வைத்தால் பனிக்கடியில் புதைந்துபோகும். கிடைத்த பலனோ எதிர்பார்த்ததை விட அதிகம். ஒரு கிலோவாட்டுக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 1,400 யூனிட். அந்தக் காலத்தில் சுவிஸ் சமவெளியில் ஒரு நல்ல கூரையில் 800, 900 கிடைத்தாலே பெரிது. அதை விட முக்கியமான விஷயம், அந்த 1,400இல் கிட்டத்தட்டப் பாதி குளிர்கால ஆறு மாதத்தில் வந்தது. சமவெளியில் அந்தப் பங்கு நான்கில் ஒன்று, மிஞ்சினால் கொஞ்சம் மேலே.

இது மாயமில்லை. உயரத்தில் காற்று மெலிது, மூடுபனி கீழேயே நின்றுவிடும். புதுப் பனி தன் மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். செங்குத்தாக நிற்கும் பேனல் வானத்து வெயிலோடு தரையிலிருந்து வரும் இந்த ஒளியையும் வாங்கிக்கொள்ளும். சிலிக்கான் பேனல் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் சுமார் 0.4 சதவீதம் திறன் இழக்கும் என்பதால் குளிர் அதற்கு நல்லதே. சோஸ்யூர் பெட்டியில் பார்த்ததும் டோர்னோ கருவியில் பார்த்ததும் இப்போது மின்சாரமாக மீட்டரில் ஓடியது.

கூரை ஒன்று கேட்க, பேனல் ஒன்று கேட்க

இவ்வளவு தெரிந்த பிறகு மலையூர்த் தட்டைக் கூரைகளில் பேனல்களைச் செங்குத்தாக நிறுத்தியிருப்பார்கள் என்றுதானே தோன்றும்? நடந்தது வேறு.

2009 முதல் சுவிஸ் அரசு சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று உறுதியான விலை கொடுத்தது. பிறகு 2014 முதல் சிறிய அமைப்புகளுக்கு முதலீட்டில் ஒரு பங்கை ஒரே தவணையில் மானியமாகத் தந்தது. இரண்டிலும் ஜூலை யூனிட்டுக்கும் ஜனவரி யூனிட்டுக்கும் வித்தியாசம் இல்லை. அப்படியென்றால் கட்டட உரிமையாளர் என்ன செய்வார்? ஒரு கூரையில் எவ்வளவு அதிகம் பேனல் அடைக்கலாமோ அடைப்பார். கிழக்கு ஒன்று, மேற்கு ஒன்று எனக் கூடாரம் போல 10, 15 டிகிரி சாய்வில் நெருக்கி வைப்பதுதான் வழக்கமாயிற்று. காற்று அடியில் புகுந்து தூக்காது. கூரையைத் துளைக்காமல் கான்கிரீட் கட்டிகளைப் பாரமாக வைத்தே நிறுத்திவிடலாம். நிழலும் ஒன்றின் மேல் ஒன்று விழாது. சமவெளிக்கு இது சரியான ஏற்பாடு. மலைக்கு? 10 டிகிரி சாய்வில் பனி வழுக்காது. முதல் பெரிய பனி விழுந்தால் பேனல்கள் வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் இருட்டில் கிடக்கும். மலை வெயிலின் மதிப்பே எந்த மாதங்களில் இருக்கிறதோ அந்த மாதங்களில் மீட்டர் பூஜ்யம் காட்டும்.

இதில் உரிமையாளரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விலைப்பட்டியல் என்ன கேட்டதோ அதைக் கொடுத்தார். வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று கேட்டால் படுத்த பேனல்தான் விடை. எந்த மாதத்தில் எத்தனை யூனிட் என்று கேட்டால் நின்ற பேனல் விடை. கேள்வியை மாற்றாமல் சாய்வை மாற்றச் சொல்வது நடக்காத காரியம்.

நிறுத்தி வைப்பதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. தாவோஸ் அட்சரேகையில் டிசம்பர் 21 மதியம் சூரியன் அடிவானத்திலிருந்து 20 டிகிரிதான் எழும்பும். ஒரு மீட்டர் உயரமுள்ள பேனலின் நிழல் சுமார் 2.8 மீட்டர் நீளும். ஆகவே வரிசைக்கு வரிசை 3 மீட்டர் விட வேண்டும். 30 மீட்டர் நீளக் கூரையில் பத்து வரிசைதான். அதே கூரையில் படுக்க வைத்தால் அதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் பேனல் பரப்பு அடங்கும். பள்ளத்தாக்கு ஊர் என்பதால் எதிர்மலை வேறு டிசம்பரில் காலை வெயிலையும் மாலை வெயிலையும் வெட்டிவிடும். திட்டம் போடுபவர் முதலில் கூரையில் நின்று அடிவானக் கோட்டை வரைந்துகொள்ளாமல் எந்தக் கணக்கும் போட முடியாது.

எடை

இதுவரை சொன்னதெல்லாம் பணம். இனிச் சொல்வது உயிர்.

2006 ஜனவரி 2ஆம் தேதி பிற்பகல், பவேரிய ஆல்ப்ஸ் அடிவாரத்தில் உள்ள பாட் ரைஹென்ஹால் என்ற ஊரில் பனிச்சறுக்கு விளையாட்டு அரங்கத்தின் தட்டைக் கூரை இடிந்து விழுந்தது. 15 பேர் இறந்தார்கள். அதில் 12 பேர் சிறுவர்களும் இளைஞர்களும். அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் கூரை மேல் இருந்த பனி, தாங்க வேண்டிய அளவைத் தாண்டிய பனி அல்ல. 1970களின் தொடக்கத்தில் கட்டிய மர உத்தரங்கள். ஈரம் தாங்காத பசை கொண்டு ஒட்டியவை. வடிவமைப்புக் கணக்கிலும் தவறு. முப்பது வருஷ ஈரத்தில் பசை விட்டுப்போயிருந்தது, வெளியே பார்த்தால் தெரியவில்லை. அங்கே சோலார் பேனல் எதுவும் காரணமில்லை. ஆனால் பழைய தட்டைக் கூரை மேல் எதையாவது ஏற்றுவது பற்றி ஆல்ப்ஸ் ஊர்களில் யார் பேசினாலும் மனதின் ஓரத்தில் அந்த அரங்கம் இருக்கும்.

பனியின் எடை பலருக்குப் பிடிபடாது. பஞ்சு போலத் தெரிவதால் இலேசு என்று நினைக்கிறார்கள். புதிதாக விழுந்தது ஒரு கன மீட்டருக்கு சுமார் 100 கிலோ. சில நாள் படிந்துவிட்டால் 200. வாரக்கணக்கில் கிடந்தால் 250 முதல் 350. ஈரப் பனி 400. தாவோஸ் கூரையோ பனியை விழவிடாமல் குளிர்காலம் முழுக்கச் சுமக்கவென்றே செய்தது.

சுவிஸ் கட்டடத் தர விதி எஸ்.ஐ.ஏ. 261 இதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. உயரத்தின் வர்க்கத்தோடு எடை ஏறும். உள்ளூர்த் திருத்தங்கள் சேர்க்காமல் பார்த்தால், 500 மீட்டர் உயரத்தில் தரையில் சதுர மீட்டருக்கு சுமார் 120 கிலோ என்று வரும். 1,500 மீட்டரில்? சுமார் 790 கிலோ! உயரம் மூன்று மடங்கு, எடை ஆறு மடங்குக்கும் மேல். தட்டைக் கூரைக்கு அதில் ஐந்தில் நான்கு பங்கு எடுத்தாலும் 630 கிலோ. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஏழெட்டு ஆட்கள் நெருக்கி நிற்பது போல. கடையில் 'கடும் பனி தாங்கும்' என்று விற்கும் பேனல்கள் வழக்கமாகச் சோதிக்கப்படுவது 5,400 பாஸ்கல் அழுத்தத்துக்கு. அதாவது சதுர மீட்டருக்கு சுமார் 550 கிலோ. 1,500 மீட்டர் உயரக் கூரைக்கு அதுவே போதாது.

பேனல் தரும் நேர் எடை இதில் சின்ன விஷயம். அதன் மறைமுக விளைவு பெரியது. வெறும் தட்டைக் கூரையில் காற்று அடிக்கும்போது பனியில் ஒரு பகுதியைத் தானாகவே கூட்டித் தள்ளிவிடும். பேனல் வரிசை நிறுத்தினால் அது வேலி போலக் காற்றைத் தடுக்கும். வரிசைகளுக்கு நடுவே பனி குவியும். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் இன்னும் அதிகம் குவியும். ஆக 1930களில் ஒரு கணக்குப் போட்டுக் கட்டிய கூரை, அந்தக் கணக்கில் இல்லாத பனியைச் சுமக்க வேண்டி வரும். படிந்த பனி கீழ்நோக்கி மெதுவாக ஊர்ந்து பேனலின் அடிச் சட்டத்தைப் பிடித்து இழுக்கும். சட்டம் பிய்ந்து கண்ணாடி விரிசல் விடும். அதனால் அடிச் சட்டத்தைக் கூரையிலிருந்து நன்றாக உயர்த்தி, வழுக்கும் பனி போய்க் கிடக்கக் கீழே இடம் விட வேண்டும். உயர்த்தினால் காற்று பிடிக்கும். காற்று பிடித்தால் அதிகப் பாரம் வைக்க வேண்டும். பாரம் வைத்தால் கூரையின் தாங்கு திறனில் பனிக்கென்று ஒதுக்கியது குறையும். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருகிறது.

கேள்வி மாறியபோது

2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா விபத்து நடந்த சில வாரங்களில், அணுமின் நிலையங்களைப் படிப்படியாகக் கைவிடுவது என்று சுவிஸ் அரசு முடிவெடுத்தது. 2017 மே மாத வாக்கெடுப்பில் மக்களும் ஒப்புக்கொண்டார்கள். 2019 டிசம்பரில் முயூலபெர்க் அணுமின் நிலையம் மூடப்பட்டது. அணைகள் நிறைந்த நாடாயிற்றே என்று தோன்றலாம். ஆனால் குளிர்காலத்தில் மலைநீர் உறைந்து ஆறுகள் மெலியும், அதே நேரம் வீடுகளின் மின் தேவை ஏறும். சுவிட்சர்லாந்து கோடையில் மின்சாரம் விற்று, குளிர்காலத்தில் வாங்குகிற நாடு. கூரையில் படுத்த பேனல்கள் கோடை மிச்சத்தைத்தான் இன்னும் பெருக்கின.

அப்போதுதான் அந்தப் பழைய தாவோஸ் அறிவுக்கு மறுபடி மவுசு வந்தது. 2017இல் தாவோஸுக்கு மேலே டோட்டால்ப் என்ற இடத்தில், சுமார் 2,500 மீட்டரில், வெவ்வேறு சாய்வில் பேனல்களை வைத்துச் சோதனை தொடங்கியது. 2019இல் பனி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பனி மூடிய உயரமான இடங்களில் செங்குத்தாக வைத்தால் குளிர்காலப் பற்றாக்குறையை எவ்வளவு ஈடுகட்டலாம் என்பதே அதன் கணக்கு. டோர்னோவின் நூலுக்கும் இதற்கும் இடையே 108 வருஷம்.

அதன் பிறகு வேகம் பிடித்தது. 2020இல் அல்பிக்னா அணைச் சுவரிலும், 2022இல் 2,500 மீட்டர் உயர முட்ஸே அணைச் சுவரிலும் பேனல்கள் ஏறின. முட்ஸேயில் 2.2 மெகாவாட், ஏறக்குறைய 5,000 பேனல்கள். 2022 செப்டம்பரில் நாடாளுமன்றம் அவசரச் சட்டம் போட்டு, மலை மேல் பெரிய சோலார் பூங்காக்களுக்குச் செலவில் 60 சதவீதம் வரை தருவதாகச் சொன்னது. நிபந்தனை கவனிக்கத்தக்கது: ஒரு கிலோவாட்டுக்குக் குளிர்கால ஆறு மாதத்தில் குறைந்தது 500 யூனிட் வர வேண்டும். முதன்முறையாக அரசு மாதத்தைக் கேட்டது!

ஆனால் மக்கள் எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. 2023 செப்டம்பர் 10 அன்று வாலே மாநிலத்தில் இந்தப் பூங்காக்களுக்கான அனுமதியை வேகப்படுத்தும் ஆணை வாக்கெடுப்புக்கு வந்தது. சுமார் 54 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். கன்னிமலையில் கம்பி நடுவதற்கு முன்னால் ஊருக்குள் காலியாகக் கிடக்கும் கூரைகளை நிரப்புங்கள் என்பது எதிர்த்தவர்களின் வலுவான வாதம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் படுக்க வைத்து நிரப்பினால் அது ஜனவரிக்கு உதவாது என்பதை அந்தத் தரப்பு அவ்வளவாகப் பேசவில்லை. 2023 ஜனவரி முதலே 75 டிகிரிக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் பேனல்களுக்கு அரசு கூடுதல் மானியம் தருகிறது என்பது சத்தமில்லாமல் வந்த மாற்றம். செய்திகளில் பெரிதாக வராத இந்தச் சின்ன விதிதான் தட்டைக் கூரைகளைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் விட முக்கியம்.

இப்போது மலையூரில் ஒரு தட்டைக் கூரைக்குத் திட்டம் போடுபவர் இருபுறமும் ஒளி வாங்கும் பேனல்களைச் செங்குத்தாக, அகல இடைவெளி விட்டு நிறுத்துவது பற்றி யோசிக்கலாம். கணக்கு ஓரளவு கட்டிவரும். கூரையின் பழைய வரைபடத்தைத் தேட வேண்டும். உத்தரங்களைத் திறந்து பார்க்க வேண்டும். பனி குவியும் மூலைகளைக் குறிக்க வேண்டும். அதோடு இன்னொன்றையும் குறிக்க வேண்டும். கூரையின் நடுவே, சரளைக்கு அடியில், அந்த வடிகாலின் வாய் இருக்கும். பேனலைத் தாங்கும் கான்கிரீட் கட்டியோ, வரிசைக்கு நடுவே இறுகிய பனிக்கட்டியோ அதை அடைத்துக்கொண்டால், உருகிய தண்ணீர் போக வழியில்லாமல் கூரை மேலேயே தேங்கி உறையும். ஷாட்ஸால்ப் கட்டியவர்கள் 1900இல் தீர்த்து வைத்த அதே பிரச்சினை.